காலாண்ட சூடு

மூன்று ரவுண்டு வரைக்கும் வண்டி ராஜா மாதிரி ஓடும். நாலாவதில் படுத்துவிடும். நின்றுபோகாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். மிதிக்கிற மிதிக்கு மட்டும் பதில் வராது. இன்ஜின் உள்ளே இழுக்கிற காற்று சூடேறிவிட்டது என்று தெரிந்தவுடன், இன்ஜின் உடையாமல் இருக்க வண்டியின் கம்ப்யூட்டரே அதன் பலத்தைக் குறைத்துவிடும். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. பின்னால் வந்தவன் எல்லாம் சாவகாசமாகத் தாண்டிப் போவான். இந்த நாலாவது ரவுண்டைச் சரிசெய்யப் போய்த்தான் அருள்மொழியின் இடது காலுக்கு வினை வந்தது.

சரிசெய்யப் போனவன் அவனுடைய அக்கா புருஷன் உதயகுமார். பூந்தமல்லியிலிருந்து வேலப்பன்சாவடி போகிற ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் அவன் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு கார் நிற்க இடம், இன்னொரு கார் நிற்க ரோடு. மெட்ரோ வேலை தொடங்கிய நாளிலிருந்து அந்த ரோட்டில் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து கொதித்துப்போய் அவனிடம் வந்து சேர்ந்தன. ரேடியேட்டர் ஒழுகல், ஃபேன் சுற்றாதது, ஹோஸ் வெடித்தது. நாற்பத்தொரு வயதில் பாதியை அவன் வண்டிகளின் காய்ச்சலைத் தணிப்பதிலேயே கழித்திருந்தான். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அவனுக்கே யாராவது வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

வாரத்தில் ஆறு நாள் ஊரார் வண்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொந்த வண்டி. அடிபட்டுக் கிடந்த ஒரு வெள்ளைக் காரை மூன்று வருஷத்துக்கு முன் அவனும் அருள்மொழியும் சேர்ந்து வாங்கி, தட்டி நிமிர்த்தி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ வைத்து, ரேஸுக்குத் தயார் செய்திருந்தார்கள். அருள்மொழிக்கு முப்பத்துமூன்று வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் டிரைவர். அக்கா வீட்டு மாடி ரூமில்தான் ஜாகை, சாப்பாடு கீழே. வேனில் அவன் ஓட்டுவதைப் பார்த்தால் சாது. வெள்ளைக் காரில் ஏறினால் ஆளே வேறு. வளைவில் அவன் வண்டியைத் திருப்புகிற பதத்தை உதயகுமார் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருப்பான். மச்சினனைப் பற்றி இப்படிப் பேசுகிற மாமனைப் பூந்தமல்லியில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

வைகாசி முடிந்து ஆனியில் அருள்மொழிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் சௌம்யா, குத்தம்பாக்கம். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. தட்டு மாற்றியாகிவிட்டது. அதற்கு முன்னால், மே மாதம், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு போட்டி வந்தது. எட்டு ரவுண்டு. நல்ல ஓட்டக்காரன் தேடி வெளியூர் டீம்காரர்கள் வருவார்கள் என்று பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் வேன் டிரைவர் என்கிற பேர் மாறினால் நன்றாக இருக்கும் என்று அருள்மொழி ஆசைப்பட்டான். அதில் தப்பொன்றும் இல்லை.

சூட்டை வெளியே தள்ள லேசான வழி பானெட்டில் துளை போடுவது. அந்தப் போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது. பானெட் கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும். பக்கத்துக் கடை மெக்கானிக் ஜெகதீசன், பின்பக்கக் கீலுக்கு அடியில் ரெண்டு வாஷர் வைத்து பானெட்டைத் தூக்கிவிடச் சொன்னார். டாக்ஸிகளுக்கு எல்லாரும் செய்கிற வேலைதான். உதயகுமாரும் வைத்துப் பார்த்தான். ஆனால் அவன் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவன். அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவள். அங்கிருந்து அவள் கொண்டுவந்த சிவப்பு நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, பானெட்டின் பின் ஓரம் முழுக்க டேப் போட்டு ஒட்டினான். ஞாயிறு விடிந்ததும் குத்தம்பாக்கம் பக்கம் காலி ரோட்டில் அருள்மொழி ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக நூலையே பார்த்தான். வண்டி மெதுவாகப் போகும்போது நூல் மேலே ஆடியது. வேகம் ஏற ஏற எல்லா நூலும் உள்ளே திரும்பிக்கொண்டது. கண்ணாடியில் மோதுகிற காற்று அந்தச் சந்து வழியாக உள்ளே புகுந்து, வெளியே வர வேண்டிய சூட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

வாஷரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தச் சந்தில் ரப்பர் பீடிங் வைத்து அடைத்தான். ரேடியேட்டரைச் சுற்றி இருந்த ஓட்டைகளையெல்லாம் அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் வைத்து மூடினான். முன்னால் வருகிற காற்று ஏமாற்றிவிட்டு ஓரமாக ஓடக்கூடாது, ரேடியேட்டருக்குள் புகுந்துதான் போக வேண்டும். அப்புறம், உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி. அடுப்படிக்கு ஜன்னல் வைத்துவிட்டு புகைபோக்கியை அடைத்தால் என்ன ஆகும், அந்தக் கதைதான் நாலாவது ரவுண்டில் நடந்துகொண்டிருந்தது. மேலே வழி இல்லை என்றால் கீழே. டர்போவைச் சுற்றி ஒரு தகட்டுக் கூண்டு கட்டி, அந்தச் சூட்டுக் காற்றையெல்லாம் சைலன்சர் பைப்போடு சேர்த்து வண்டிக்கு அடியில், நடு முதுகு வழியாகப் பின்னால் தள்ளினான். இடம் நெருக்கடியாக இருந்தது. பைப்புக்கும் வண்டிக்குள் கால் வைக்கிற தரைக்கும் நடுவில் கம்பெனி வைத்திருந்த தடுப்புத் தகட்டைக் கழற்றினால்தான் காற்று தாராளமாகப் போகும். கழற்றினான். எடை குறைய வேண்டும் என்று உள்ளே கார்பெட்டையும் தார் ஷீட்டையும் ஏற்கெனவே உரித்திருந்தார்கள். டிரைவரின் இடது குதிகால் இப்போது வெறும் தகட்டில். தகட்டுக்குக் கீழே நெருப்பு.

உதயகுமாருக்கு இது தெரியாமல் இல்லை. தகட்டைக் கழற்றின அன்றைக்கே பயந்தான். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்த மாதிரி சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் டர்போவில் ஒன்று, ரேடியேட்டரில் ஒன்று, காற்றுக் குழாயில் ஒன்று என்று சுட்டுப் பார்ப்பான். தரையில் மட்டும் சுட்டுப் பார்த்ததில்லை. அங்கேதான் ஆளின் கால் இருக்கிறதே, கேட்டால் சொல்லிவிடப்போகிறான்.

கேட்டான். கேட்காமல் விட்டான் என்று யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது.

"காலாண்ட சூடு ஏறுதா மச்சான்?"

"ஒண்ணும் தெரியல மாமா."

"நல்லா பாத்து சொல்லு. கிளட்ச் கால வெக்கிறியே, அந்த எடத்துல. சுட்டா சொல்லு, நாளைக்கே தகட்ட திருப்பி மாட்டிர்றேன். ரெண்டு செகண்டு போனா போவுது."

"அய்ய, ஜில்லுன்னு கீது மாமா. மூஞ்சிலதான் அனல் அடிக்குது. காலு நல்லாத்தான் கீது."

மூன்று ஞாயிறு கேட்டான். மூன்று ஞாயிறும் இதே பதில். கூண்டு நன்றாக வேலை செய்திருக்கிறது, சூடு தரையைத் தொடாமலே பின்னால் ஓடிவிடுகிறது என்று உதயகுமார் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். ஒன்றிரண்டு தடவை அருள்மொழி கிளட்சைத் தேடிக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு மிதித்தான். நேற்று ஓட்டக் கற்றுக்கொண்டவன் மாதிரி என்னடா காலைப் பார்க்கிறாய், ரோட்டைப் பார் என்று இவன் திட்டினான். அருள்மொழி சிரித்தான்.

போட்டி அன்றைக்குக் கத்திரி வெயில் டிராக்கின் மேல் நின்று ஆடியது. நாலாவது ரவுண்டில் வண்டி படுக்கவில்லை. ஐந்திலும் இல்லை. ஏழாவதில் அருள்மொழி முன்னால் போனவனை உள்வளைவில் தாண்டினான். உதயகுமார் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் கத்தினான். மூன்றாவதாக வந்தார்கள். கோயம்புத்தூர் டீம்காரர் ஒருவர் அருள்மொழியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் குமணன்சாவடியில் நிறுத்தி ரெண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தார்கள். அருள்மொழி வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னான். இன்றைக்குக்கூட வேண்டாமா என்று உதயகுமார் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தான்.

பஞ்சவர்ணம் சங்கரா மீன் குழம்பு வைத்து, காத்திருந்தாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அருள்மொழி வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். மெல்லிசான அடி வைத்த ரேஸ் ஷூ. இடது ஷூ கழன்றது, சாக்ஸ் வரவில்லை. இழுத்தான். இழுத்த வேகத்தில் சாக்ஸோடு சேர்ந்து குதிகாலின் தோலும் வந்தது. ஆள் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. இது என்ன இவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சாக்ஸைத் திருப்பிப் பார்த்தான்.

பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. வந்து தம்பியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் ஒரு உள்ளங்கை அளவுக்கு வெளுத்துப்போய், நடுவில் கருத்து இருந்தது.

"வலிக்கலியாடா?" என்றான் உதயகுமார்.

"தெர்ல மாமா. லைட்டா மதமதன்னு கீது."

இவ்வளவு வெந்துபோய் எப்படித் தெரியாமல் இருக்கும் என்று உதயகுமார் கேட்டான். ரேஸ் மும்முரத்தில் தெரிந்திருக்காது என்று பஞ்சவர்ணம் பதில் சொன்னாள். அவன் கேட்டது அருள்மொழியை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவன் கிளம்பியபோது, தீக்காயத்துக்கு ஆயின்மென்ட் வீட்டிலேயே இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம், ரெண்டு வாரத்தில் பத்திரிகை கொடுக்கப் பெண் வீட்டார் வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரி என்று ஊருக்கு டமாரம் அடிக்க வேண்டாம் என்றாள். மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளே கட்டுப்போட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் உதயகுமாருக்குப் பட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

மறுநாள் அருள்மொழி கட்டின் மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு போனான். செவ்வாய் போனான். புதன் போனான். வலிக்காத காலுக்கு யார் லீவு எடுப்பார்கள்? தினம் ராத்திரி பஞ்சவர்ணம் கட்டை மாற்றினாள். உதயகுமாரிடம் ஆறிக்கொண்டு வருகிறது என்றாள். வியாழக்கிழமை அருள்மொழிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. மாடி ரூமுக்குள் நுழைந்தபோதே வாடை அடித்தது. உதயகுமார் அவளைக் கேட்காமல் கட்டைப் பிரித்தான். கணுக்கால் வரைக்கும் கருநீலம் ஏறியிருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மச்சினனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினான். பஞ்சவர்ணம் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். அரை மணியில் திரும்பி வந்து, எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று கேட்டார்.

இவனுக்குச் சர்க்கரை எல்லாம் கிடையாது டாக்டர், வண்டியில் சுட்டுக்கொண்டது என்று உதயகுமார் விளக்க ஆரம்பித்தான். டர்போ, பைப்பு, தகடு என்று போய்க்கொண்டிருந்தான். டாக்டரம்மா அவனைத் தாண்டிப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு வருசம்மா," என்றாள் பஞ்சவர்ணம்.

உதயகுமார் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

நானூறுக்கு மேல் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பாதத்தில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருக்கும், இவருக்கு ஆணி குத்தினாலும் தெரியாது, நெருப்பில் வைத்தாலும் தெரியாது. கோபமாகச் சொல்லவில்லை, தினம் பத்துப் பேரிடம் சொல்கிறவர் சொல்வது மாதிரி சொன்னார். கிருமி எலும்பு வரைக்கும் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். பாதத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதுமா, மேலே போக வேண்டியிருக்குமா என்று நாளைக்குத் தெரியும். மேலே போவது என்றால் என்ன என்று இவன் கேட்டான். முழங்காலுக்குக் கீழே என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் சிமென்ட் பெஞ்சு. வெளியே வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிற கும்பல். மதியம் இரண்டு மணி வெயில். ரெண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் உதயகுமார் தன் நகத்தில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அவன் டிபன் டப்பால மாத்திர வெப்பியே. கேஸ் மாத்திரைன்னு சொன்ன."

"ஆமா."

"பன்னெண்டு வருசமா ஒருத்தனுக்கு கேஸா? நானும் நம்பிகினு இருந்தேனே."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு சொன்னாள்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே அவனுக்கு வந்துடுச்சி. எங்கம்மாவும் பின்னால அதுலதான் போச்சி. நெஞ்சு வலின்னு ஒங்களுக்குச் சொன்னோம். ஒங்கம்மா என்ன பொண்ணு பாக்க வந்தப்போ, இந்த ஊட்ல சர்க்கர கீதுன்னு தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கும் வரும்னு எழுந்து போயிருவாங்கன்னு எங்கம்மா பயந்துச்சி. வாய மூடிகினு இருன்னுச்சி. இருந்தேன். அப்பறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒரு வருசம் போச்சி, அஞ்சு வருசம் போச்சி. அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? சொல்ல வேண்டிய நாளு தாண்டிப் பூட்ச்சிய்யா."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"ஒன் வாய்ல எதுனா நிக்குமா? ஜெகதீசன் அண்ணாத்தேகிட்ட டீ குடிக்க சொல்ல சொல்லிருவ. அவரு பொண்டாட்டி குத்தம்பாக்கத்துப் பொம்பள. சௌம்யா ஊட்டுக்கு அடுத்த தெரு."

இது உண்மை.

"நான் அவன் கால நம்பித்தான் தகட்ட கயட்னேன் பஞ்சவர்ணம். ஒவ்வொரு தபாவும் கேட்டேன். சுடுதாடா, சுடுதாடான்னு. இல்ல மாமான்னான். அந்தக் காலுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"எனக்கும் தெரியாது," என்றாள். "சர்க்கர கீதுன்னு தெரியும். காலு செத்துப்போச்சின்னு எனக்கு யாரு சொன்னா? அவனுக்கே தெரியாது. வேன் ஓட்றவன் காலு மரத்துப் போறது சகஜம்னு சொல்லிகினு இருந்தான். நீயும் துப்பாக்கிய கைல வெச்சிகினு வண்டி பூரா சுட்டியே. அவன் கால் வெக்கிற எடத்துல ஒரு தபா, ஒரே ஒரு தபா, சுட்டுப் பாத்தியா?"

உதயகுமாருக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும், அவள் மடியில் தலை வைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்துபோய், மரத்தடியில் ரெண்டு எலுமிச்சை சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தான். ரெண்டு பேரும் பிரிக்கவில்லை.

மறுநாள் சௌம்யா வந்தாள். விஷயம் எப்படியோ குத்தம்பாக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆபீஸ் லஞ்ச் நேரத்தில் தனியாக, கழுத்தில் ஐடி கார்டோடு வந்திருந்தாள். அருள்மொழி மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டில் ஓரத்தில் நின்று முகத்தைப் பார்த்தாள். போர்வையைப் பார்க்கவில்லை. அப்புறம் வராந்தாவுக்கு வந்து பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பஞ்சவர்ணம் உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

"போன மாசம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல என்ன பாக்க வந்தாரு அண்ணி," என்றாள் சௌம்யா. "அந்தக் கோடிலேர்ந்து நடந்து வராரு. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஒண்ணும் இல்ல. அந்த வெயில்ல. எங்க செருப்புன்னு கேட்டா குனிஞ்சி பாக்கறாரு. அப்பத்தான் அவருக்கே தெரியுது. எங்கியோ கயண்டு உயுந்துருக்கு. நான் சிரிச்சேன் அண்ணி. என்ன பாக்கற அவசரத்துல வந்துட்டாருன்னு எனக்கு ஒரே பெருமையா போச்சி. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."

சொல்லி முடித்ததும் அவள் அழுதாள். பஞ்சவர்ணம் அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கி, தொடாமல் இறக்கிக்கொண்டாள். அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரெண்டு மணிக்கு சௌம்யா ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். சனிக்கிழமை அவள் அப்பா கஜபதி போன் செய்தார். மரியாதையான மனிதர்; ஏமாற்றிவிட்டீர்கள் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தம்பி முதலில் குணமாகட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் என்பது கிடையாது என்று கேட்டவளுக்கும் தெரியும். சரிங்க என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் போனை வைத்தாள்.

பாதத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். நிற்கவில்லை. திங்கட்கிழமை பெரிய டாக்டர் வந்து, இனிமேல் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றார். அருள்மொழியிடம் அதைச் சொல்கிற வேலை உதயகுமார் தலையில் விழுந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன் ரேடியேட்டர், வேன் கம்பெனி, கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தது என்று என்னென்னவோ பேசினான். அருள்மொழி கேட்டுக்கொண்டே இருந்தான். காய்ச்சலில் அவன் கண் பளபளவென்று இருந்தது.

"மாமா, சுத்தி வளைக்காத. எடுக்கணுமா?"

உதயகுமார் தலையை ஆட்டினான்.

"எதுவரைக்கும்?"

இவன் தன் காலில் முழங்காலுக்குக் கீழே நாலு விரல் வைத்துக் காட்டினான். வண்டியில் எந்த இடத்தில் தகட்டை வெட்ட வேண்டும் என்று காட்டுகிற அதே விரல்கள். காட்டிய பிறகுதான் அது உறைத்து, கையை இழுத்துக்கொண்டான்.

அருள்மொழி போர்வைக்குள் வலது காலை ஒரு தடவை மடக்கி நீட்டினான்.

"எடது காலு கிளட்ச்சுக்குத்தான மாமா," என்றான். "கிளட்ச் இல்லாத வண்டி எத்தினி வந்துடுச்சி. ஆட்டோமேட்டிக். அத்த ஓட்லாம்ல?"

ஓட்டலாம் என்றான் உதயகுமார். தாராளமாக ஓட்டலாம், நானே பார்த்து எடுத்துத் தருகிறேன் என்றான். எந்த வண்டி நன்றாக இருக்கும், எதில் கியர் தானாக நன்றாக மாறும் என்று விலாவாரியாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே எழுந்து வெளியே வந்து, குழாயடியில் முகத்தைக் கழுவுகிறவன் மாதிரி நின்று அழுதான். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிழவர் தண்ணீரை இவன் பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார். அன்று சாயங்காலம் கையெழுத்து கேட்டு நர்ஸ் காகிதம் கொண்டுவந்தபோது பஞ்சவர்ணம் பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். உதயகுமார்தான் போட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். மதியம் வெளியே கொண்டுவந்தார்கள். போர்வை வலது பக்கம் கட்டில் நுனி வரைக்கும் மேடாக இருந்தது. இடது பக்கம் பாதியிலேயே அடங்கிவிட்டது. பஞ்சவர்ணம் அந்தப் பள்ளத்தில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். நர்ஸ் வந்து எடுத்துவிட்டுப் போனாள். மறுபடி வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் வார்டில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தான் வரும், ஃபேனுக்கு வராது. படுக்கை படுக்கையாக ஜனங்கள் துண்டாலும் முந்தானையாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அருள்மொழி கண்ணைத் திறந்தான். உதடு காய்ந்திருந்தது. பஞ்சவர்ணம் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவன் தலையைத் திருப்பி மாமனைத் தேடினான்.

"மாமா."

"சொல்லு மச்சான். இங்கதான் கீறேன்."

"காலு எரியுது மாமா."

எந்தக் கால் என்று உதயகுமார் கேட்டான்.

"எடது காலு. குதிகாலு. நெருப்பு மேல வெச்சா மாதிரி கீது. தாங்க முடியல மாமா."

பஞ்சவர்ணத்தின் கையிலிருந்து பஞ்சு கீழே விழுந்தது. நர்ஸைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, இது சிலருக்கு வரும், எடுத்த கால் வலிக்கிற மாதிரியே இருக்கும், ஊசி போட்டிருக்கிறது, கேட்க நேரமாகும் என்று மெதுவாகச் சொன்னாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்தக் குதிகாலில் சூடு தெரிந்தது இன்றைக்குத்தான். தெரிவதற்குக் குதிகால் இல்லை.

அருள்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தான். நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் வழிந்தது. உதயகுமார் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜன்னலில் எக்ஸ்ரே உறை இருந்தது, பெரிய காக்கி உறை. அதை எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனான். தலையணையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, போர்வை தட்டையாகக் கிடந்த அந்த இடத்தில், குதிகால் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே பார்த்து, விசிற ஆரம்பித்தான்.

"அங்க ஒண்ணும் இல்லய்யா," என்றாள் பஞ்சவர்ணம் ரகசியமாக.

அவன் காதில் வாங்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பார்த்தார்கள். அதையும் அவன் கவனிக்கவில்லை. ஒரே சீராக, மேலிருந்து கீழே, விசிறிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்துவந்து, போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், காற்று உள்ளே போகட்டும் என்று.

ரொம்ப நேரம் ஆனது. அருள்மொழி மாமனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தன.

"போதும் மாமா," என்றான். "இப்ப சூடு தெரியல."

இந்தத் தடவை உதயகுமார் நம்பவில்லை. கை மாற்றிக்கொண்டு விசிறினான்.